விரல் வைத்த வேட்பாளர்

“…வெறும் கட்டைவிரல்தானே அக்கா. ஒரு நாளைக்கு அந்த மாதிரி எத்தனை போடுறேன், எனக்கே தெரியாது. அதைப் போயி ஏதோ கோயில்ல சத்தியம் பண்ண மாதிரி கேக்குறீங்க…”

இப்படிச் சொன்னவர் எங்கள் நாட்டின் அடுத்த பிரதமர். அதாவது, ஆகப்போகிறவர். அதாவது, ஆகிவிடக் கூடாது என்று ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேனே... அவர்.

பதறாதீர்கள். நிஜ நாடு இல்லை. ஏழாந்தீவு.

ஏழாந்தீவைப் பற்றி முன்பே ஒருமுறை இந்தப் பத்தியில் பேசியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். அது கைபேசிக்குள் இருக்கிற நாடு. சிங்கப்பூரிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரிலும் இருக்கிற நம் ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு சேட் குரூப்பில் நடத்துகிற அரசியல் விளையாட்டு. நாடாளுமன்றம் உண்டு, கட்சிகள் உண்டு, பட்ஜெட் உண்டு. துறைமுகம்கூட உண்டு, தண்ணீர்தான் இல்லை. சட்டம் போடுவோம், சண்டை போடுவோம், ‘மாண்புமிகு உறுப்பினர் அவர்களே’ என்று கூப்பிட்டுக்கொண்டே காலை வாருவோம். நான் அங்கே தபால் அமைச்சர். இதுவரை ஒரு தபாலும் வரவில்லை. அதனால் என் துறையில் ஊழலும் இல்லை.

குவீன்ஸ்டவுனில் என் எதிர்வீட்டு ராஜம்மா இதைக் கேள்விப்பட்டுச் சொன்னது: “வீட்ல உன் பேச்ச யாரும் கேக்கலன்னு ஒரு நாட்டையே பிடிச்சிட்டியாடி?”

கோபமே வரவில்லை. இப்படி ஒரு வாக்கியம் சும்மா கிடைக்குமா? பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது வேறு கோபம். இன்னும் ஆறவில்லை. ஆற வைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

சொல்கிறேன்.

ஏழாந்தீவில் எல்லாமே போனில்தான் நடக்கும். ஒன்றே ஒன்றைத் தவிர. பிரதமர் தேர்தலுக்கு முன்னால் வேட்பாளரைக் கேள்வி கேட்பது மட்டும் நேருக்கு நேர். இது எங்கள் அவைத்தலைவர் ஜமால் நானாவின் பிடிவாதம். சிராங்கூன் சாலைப் பக்கம் பெட்டி, பைகள் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம் செய்கிறது. எங்கள் எல்லோருக்கும் அவர் ‘நானா’, அதாவது அண்ணன். “டைப் பண்ணிக் கேட்டா டைப் பண்ணிப் பதில் வரும். அதுக்குள்ள நாலு பேருகிட்ட கேட்டுக்கலாம். மூஞ்சப் பாத்துக் கேட்டா, மூஞ்சியே பாதி பதில் சொல்லிரும்” என்பார்.

ஆகவே டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மாடி. மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். கீழே தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தோளோடு தோள் உரசிப் போய்க்கொண்டிருந்தது. மேலே நாங்கள் ஒரு இருபது பேர் இருப்போம். மேஜை நடுவே, தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த ஒரு போன். அதில் வீடியோ கால். வர முடியாதவர்கள் அதில் இருந்தார்கள்.

விதி இதுதான். வேட்பாளர் நிற்க வேண்டும். மற்ற எல்லோரும் உட்கார்ந்திருப்போம். ஏழாந்தீவின் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். குடியுரிமை இல்லாதவர்கள் பார்க்கலாம், கேட்டுக்கொண்டிருக்கலாம். வாய் திறக்கக் கூடாது.

இந்த முறை ஒரே ஒரு வேட்பாளர். பெயர் விக்னேஷ். எங்கள் உள்துறை அமைச்சர். நிஜ வாழ்க்கையில் பேங்க் வேலை, கிளமெண்டியில் வீடு, பள்ளிக்கூட நாளில் பேச்சுப் போட்டி என்றால் கோப்பை இவருக்குத்தான். மரியாதையான பிள்ளை. அன்றைக்கும் எல்லோருக்கும் வடை வாங்கி வந்திருந்தார். எனக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி இழுத்துப் போட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கெட்டவர்களிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லையே.

ஏன் ஒரே வேட்பாளர்? அதுதான் விஷயம்.

இரண்டாவது வேட்பாளராக நிற்க வேண்டியவர் அந்த வீடியோ காலில், பார்வையாளர்களில் ஒருவராக, மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கலைவாணி. ஜோகூர்க்காரி. உட்லண்ட்ஸில் சாப்பாட்டுப் பொருள் பேக்கிங் பண்ணுகிற ஃபேக்டரியில் லைன் லீடர். தினமும் காலையில் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, சாயங்காலம் தாண்டி அந்தப் பக்கம் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி. எங்கள் நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று ஒருமுறை கேட்டேன். “பஸ்ல சீட்டு கிடைச்சா தூங்குவேன்க்கா. கிடைக்கலன்னா நாடாளுமன்றம்” என்றாள்.

அவள் நின்றுகொண்டே போட்ட கேள்விகளில் ஏழாந்தீவே ஆடிப்போயிருக்கிறது. முந்தைய பிரதமர் குடைக்கு வரி போட்டபோது, “மழைக்கு வரி போட முடியலன்னு குடைக்குப் போடுறீங்களா?” என்று ஒரே வரி எழுதினாள். வரி அன்றைக்கே வாபஸ். அடுத்த பிரதமர் கலைவாணிதான் என்று கட்சி பேதமில்லாமல் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கும் ஆசை. அதை ஒளிக்கவே இல்லை.

“கம்பெனியில என்னை லைன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வீட்ல அம்மா, இந்தாம்மா, எங்கம்மா. முழுப் பேரு சொல்லிக் கூப்பிடுற ஒரே எடம் இந்தத் தீவுதான்க்கா. ஒரு தடவை அதுக்குத் தலைவியா இருந்து பாத்துரணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்புறம் ஒரு சட்டம் வந்தது.

எங்கள் நாட்டில் வாரம் ஒருமுறை வருகைப் பதிவு. அவைத்தலைவர் ‘அவை கூடியது’ என்று போடுவார். கால் மணி நேரத்துக்குள் ‘வந்தேன்’ என்று நாம் போட வேண்டும். தொடர்ந்து நான்கு தடவை போடாவிட்டால் குடியுரிமை போய்விடும். சும்மா பேரை மட்டும் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களை விலக்க வந்த விதி. நல்ல விதிதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் போடுவோம், வேலை முடிந்தது.

அதை உள்துறை அமைச்சர் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மாற்றினார். ‘ஞாயிறு குடும்பத்துக்கான நாள்’ என்று காரணமும் எழுதியிருந்தார். படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவு அழகான தமிழ்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு கலைவாணி எங்கே இருப்பாள்? அவளோடு ஐந்து நிமிடம் பேசிய யாருக்கும் தெரியும். எல்லைச் செக்பாயிண்ட்டில் இருப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கும். உள்ளே போனை எடுக்கக் கூடாது என்று பலகையே இருக்கிறது, எடுத்தால் அதட்டுவார்கள். வெளியே வந்து பஸ் ஏறினால் பாலத்தின் நடுவில் இந்த ஊர் லைன் போய் அந்த ஊர் லைன் வருவதற்குள் போன் செத்துப் பிழைக்கும். அதன் பிறகும் ஒரு வரிசை இருக்கிறது. ஏழு மணிக்கு ‘வந்தேன்’ போட அவளால் எப்படி முடியும்? அவள்தான் இன்னும் எங்கேயுமே வந்து சேரவில்லையே.

அவள் சண்டை போடவில்லை. முறையாக விண்ணப்பப் பக்கத்தில் எழுதினாள். எல்லோரும் பார்க்கக்கூடிய பக்கம் அது. ‘மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களுக்கு: வெள்ளி ஏழு மணிக்கு நான் குடிநுழைவு வரிசையில் இருப்பேன். வீடு சேர்ந்து எட்டரைக்கு என் வருகையைப் பதிந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?’

அதற்குக் கீழே அமைச்சர் ஒரு கட்டைவிரல் வைத்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கட்டைவிரல் என்றால் நம் குடும்ப குரூப்பில் யாரோ பூவும் ‘இனிய காலை’யும் அனுப்பினால் நாம் வைக்கிற விரல் இல்லை இது. ஏழாந்தீவில் விரல்தான் கையெழுத்து. ஆரம்ப நாளில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று டைப் பண்ண எல்லோருக்கும் சோம்பலாக இருந்தது. நானா அதையே சட்டமாக்கிவிட்டார்: விரல் வைத்தவர் சம்மதித்தவர். மனம் மாறினால் அவைத்தலைவர் பார்த்துப் பதிவதற்கு முன்னால் விரலை எடுத்துக்கொள்ளலாம். பதிந்த பிறகு எடுக்க முடியாது. எங்கள் பட்ஜெட் விரலில் நிறைவேறியது. எங்கள் துறைமுகம் விரலால் கட்டப்பட்டது. விக்னேஷ் அமைச்சரானதும் விரலால்தான்.

முன்னெல்லாம் படிக்கத் தெரியாதவர்களைக் கைநாட்டு என்று கேலி பண்ணுவார்கள். பாவம், அவர்கள் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்கு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் விரலை மையில் தொடுவார்கள். இப்போது இருக்கிறோமே நாம், டிகிரி வாங்கிய கைநாட்டுகள்... படிக்கத் தெரியும். படிப்பதில்லை.

கலைவாணி அந்த விரலை நம்பினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிய கையோடு எட்டரைக்கு ‘வந்தேன்’ போட்டாள். நான்கு வெள்ளி போட்டாள். ஐந்தாவது தடவை போடப் போனபோது பக்கமே திறக்கவில்லை. ‘நீங்கள் இந்நாட்டின் குடிமகன் அல்ல’ என்று வந்தது. வருகையைக் கணக்குப் பார்க்கிற புரோகிராம் அவளைத் தானாகவே நீக்கியிருந்தது. வேட்பு மனு வாங்க ஆரம்பிப்பதற்குச் சரியாக முன்னால்.

அவள் எனக்கு போன் பண்ணினாள். “பசியாறிட்டீங்களா அக்கா?” என்று முதலில் கேட்டாள். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள். அப்புறம், “என்னைய நாட்ட விட்டுத் தூக்கிட்டாங்க” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அமைச்சருக்கு எழுதினாயா என்றேன். “எப்படி எழுதுவேன்? குடியுரிமை இருந்தாத்தானே அந்தப் பக்கத்துல எழுத முடியும்? இப்ப பாக்க மட்டுந்தான் முடியுது.”

ஏன் நீக்கினீர்கள் என்று கேட்கும் உரிமை, நீக்கப்படாதவர்களுக்கு மட்டும்தான். நிஜ உலகத்தில் இதை எங்கெங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, அந்த மாடிக்கு வருவோம்.

முதல் கேள்வி சேகர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஷிப்யார்டில் வேலை. எங்கள் எதிர்க்கட்சியின் வால்.

“அண்ணே, நீங்க பிரதமரானா நம்ம தீவுல மழை பெய்யுமா?”

“நல்ல கேள்வி சேகர். தண்ணீர் என்பது எதிர்காலம். அதற்காக ஒரு சிறப்புக் குழு அமைப்போம்.”

“மழைக்கா?”

எல்லோரும் சிரித்தோம். விக்னேஷும் சிரித்தார். சிரிக்கும்போது நல்லாத்தான் இருக்கிறார். இன்னும் இரண்டு மூன்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அவரிடம் குழு இருந்தது.

அப்புறம் நான்.

“மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களே, கலைவாணிய ஏன் நீக்கினீங்க?”

“நான் நீக்கல அக்கா. சிஸ்டம் நீக்குச்சு.”

“சிஸ்டத்துக்கு அந்தச் சட்டத்தக் குடுத்தது யாரு?”

“அவை குடுத்துச்சு.”

“அவைக்குக் கொண்டுவந்தது?”

“உள்துறை அமைச்சகம்.”

“அமைச்சகத்துல எத்தனை பேரு?”

மாட்டிக்கொண்டதும் இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’ வந்து ஒட்டிக்கொண்டது. “நான் மட்டும்தான் லா.”

பின்னால் யாரோ தும்மினார்கள். தும்மலா சிரிப்பா தெரியவில்லை.

“அப்ப நீங்கதானே?”

“அக்கா, ஒரு பாயிண்ட் ஆஃப் ஆர்டர்” என்று அவைத்தலைவர் பக்கம் திரும்பினார். “குடியுரிமை இல்லாத ஒருத்தரப் பத்தி இங்க கேள்வி கேக்கலாமா நானா? இது குடிமக்களோட கேள்வி நேரம்தானே.”

இந்த இடத்தில்தான் எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. கதவைச் சாத்திவிட்டு, வெளியே நிற்கிறவளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை என்கிறார். சாத்தியது யார் ஐயா?

நானா அவசரப்படவில்லை. “கேக்குறது அக்கா. அக்கா குடிமகதானே. பதில் சொல்லுங்க தம்பி.”

“சரி நானா. ரூல் எல்லாருக்கும் ஒரே ரூல். ஒருத்தருக்காக மாத்தினா அதுக்குப் பேரு ஃபேவர். நான் ஃபேவர் பண்ற தலைவரா இருக்க மாட்டேன்.”

கைதட்டினார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். நான்கைந்து பேர் கைதட்டினார்கள். நல்ல வாக்கியத்தைக் கேட்டால் நமக்குக் கை தானாகவே சேர்ந்துவிடுகிறது, அது எதை மூடி மறைக்க வந்தது என்று பார்ப்பதில்லை.

“அவ சலுகை கேக்கல விக்னேஷ். அனுமதி கேட்டா. நீங்க குடுத்தீங்க. விண்ணப்பத்துக்குக் கீழ உங்க விரல் இருக்கு.”

அப்போதுதான் அவர் சொன்னார், ஆரம்பத்தில் நீங்கள் படித்தீர்களே, அதை. வெறும் கட்டைவிரல்தானே அக்கா என்று.

சொல்லிவிட்டு, “பாத்துட்டேன்னு ஒரு மரியாதைக்கு வைக்கிறது. முழுசா படிச்சாவது வச்சேனான்னு கூட ஞாபகம் இல்ல. ச்சில் லா அக்கா. இதெல்லாம் ஒரு விளையாட்டுதானே” என்றார்.

விளையாட்டுதானே.

இந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. பிரதமர் என்று கூப்பிட்டால் விளையாட்டு இல்லை, நிமிர்ந்து நிற்கிறார். பேச்சு எழுதி, கண்ணாடி முன்னால் பழகி, இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறார். கேள்வி கேட்டால் மட்டும் அது விளையாட்டு ஆகிவிடுகிறது. பட்டம் நிஜம், பொறுப்பு பொம்மையா?

‘அக்கா, சம்பளம் இல்லை, கார் இல்லை, ஒன்றுமில்லாத ஒரு பதவிக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறீர்கள்’ என்று சிலர் கேட்கலாம். அதனால்தான் கொதிக்கிறேன். ஒன்றுமில்லாத பதவிக்கே ஒரு பெண்ணை அவள் பஸ் நேரம் பார்த்து வெளியே தள்ளுகிறவர், நாளைக்கு ஏதாவது இருக்கிற பதவிக்கு வந்தால்? ஒரு சங்கத்துக்குத் தலைவர் ஆனால்? ஆபீசில் பத்துப் பேருக்கு மேலாளர் ஆனால்? அப்போது அவரிடம் லீவு கேட்டு எழுதுகிறவளுக்கும் ஒரு விரல் வைப்பார். அவள் நம்பி ஊருக்குப் போவாள். திரும்பி வந்தால் வேலை இருக்காது. சிஸ்டம் நீக்கியிருக்கும்.

எங்கள் குடியிருப்பின் சேட் குரூப்பில் ஒரு நாள் ஒருவர் எழுதினார்: ‘லிஃப்ட் ஓடவில்லை. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். யாராவது கொஞ்சம் கை கொடுக்க முடியுமா?’ அதற்குக் கீழே வரிசையாக விரல்கள் வந்து நின்றன. ஆள் ஒருவரும் வரவில்லை. அவர் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தனியாகத்தான் இறங்கினார். அந்த விரல்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்? பார்த்துவிட்டேன், எனக்கு உன் மேல் அக்கறை இருக்கிறது, ஆனால் என்னை எழுப்பாதே. அவ்வளவுதானே?

சரி, மாடிக்கே வருகிறேன். கோபம் என்னை வேறு தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்பது விதி. நானா தடுக்கவில்லை.

“விக்னேஷ், படிக்காம வச்ச விரல் செல்லாதுன்னா, சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சட்டத்துக்கு இங்க இருக்கிற எல்லாரும் விரல் வச்சோம். யாராவது முழுசா படிச்சோமா? நேர்மையா கை தூக்குங்க, படிச்சவங்க.”

ஒரு கையும் எழவில்லை. ஒருவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். ஒருவர் வடையைப் பிட்டார்.

“அப்ப அந்தச் சட்டமும் செல்லாது. கலைவாணி குடிமக. இல்ல, படிச்சாலும் படிக்காட்டியும் விரல் விரல்தான்னா, உங்க விரலும் விரல்தான். அப்பவும் அவ குடிமக. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“அது வேற, இது வேற அக்கா.”

“எப்படி வேற?”

“அது சட்டம். இது… ஒரு தனிப்பட்ட மெசேஜ் மாதிரி.”

சேகர் விடவில்லை. “அண்ணே, அவையில எங்க விரலெல்லாம் டூட்டில இருக்கு. ஒங்க விரலுக்கு மட்டும் லீவா?”

மாடியே சிரித்தது. இந்த முறை விக்னேஷ் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். நானா சொன்னது சரி, மூஞ்சி பாதி பதில் சொல்லியது. மீதிப் பாதிக்காகக் காத்திருந்தோம்.

அந்தச் சிரிப்பில் மேஜை நடுவில் இருந்த போனை ஒரு தடவை பார்த்தேன். சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள். கலைவாணியின் சதுரத்தில் அவள் சிரிக்கவில்லை. நல்ல சேலை உடுத்தியிருந்தாள். பின்னால் திரைச்சீலையை இழுத்து, வீட்டுச் சாமான் எதுவும் தெரியாமல் மறைத்திருந்தாள். பார்வையாளருக்கு எதற்கு இந்த ஏற்பாடெல்லாம்? கடைசி நிமிடத்தில் ஒருவேளை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால்... என்று நினைத்திருப்பாள். வேட்பு மனு அன்று மாலை வரைக்கும் வாங்கலாம். அது அவளுக்கும் தெரியும், நானாவுக்கும் தெரியும். விக்னேஷுக்கு மிக நன்றாகத் தெரியும்.

நானா மேஜையைத் தட்டினார்.

“சரி. நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. எந்த விரல் தூங்குச்சு, எந்த விரல் முழிச்சிருந்துச்சுன்னு நான் விசாரிக்கப் போறதில்ல. நம்ம சட்டம், விரல் வச்சவரு சம்மதிச்சவரு. கலைவாணி விண்ணப்பம் இன்னும் என் கண்ணுல படல. அதுல அமைச்சரோட விரல் இருந்தா, நான் அதப் பாத்துப் பதியுறேன். பதிஞ்சா அந்தப் பிள்ளை போட்ட நாலு வருகையும் செல்லும். இன்னிக்கே குடிமக. மனுக் குடுத்தா வாங்கிக்குவேன்.”

பிறகு விக்னேஷைப் பார்த்தார். கோபமாக இல்லை. சொந்தத் தம்பியைப் பார்க்கிற மாதிரி.

“நான் பாக்குறதுக்கு முன்னால ஒங்க வாயால சொல்லிருங்க தம்பி. அது ஒங்க விரல்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை. தலைவருக்கு அழகு அதுதான். சொல்லிட்டீங்கன்னா ஒங்களுக்கும் எலெக்‌ஷன் மாதிரி ஒரு எலெக்‌ஷன் இருக்கும்.”

எவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிட்டார் பாருங்கள். ‘ஆமாம் நானா, என் தப்பு, கவனிக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் போதும். நானே அவருக்குக் கைதட்டியிருப்பேன். ஒருவேளை ஓட்டுகூடப் போட்டிருப்பேன். கலைவாணி ஜெயித்திருப்பாள் என்று என்ன நிச்சயம்? மேடைப் பேச்சில் இவரை அடிக்க ஆள் கிடையாது. நேராக நின்று போட்டி போட்டு, நேராகவே ஜெயித்திருக்கலாமே இந்தப் பிள்ளை.

“ஒரு நிமிஷம் நானா, செக் பண்ணிக்கிறேன்” என்று விக்னேஷ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

நானாவும் தன் போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார், நெற்றி மேலேயே இருந்தது. இறக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். கடையில் பெட்டியின் சக்கரத்தைக்கூட இரண்டு தரம் உருட்டிப் பார்க்காமல் விற்காத மனிதர். அவசரம் அவருக்குத் தெரியாது. நாங்களும் ஆளுக்கொரு போனைத் திறந்தோம். எனக்கு அந்தப் பக்கம் முதலில் வந்துவிட்டது. கலைவாணியின் விண்ணப்பம். அதன் கீழே மஞ்சள் நிறத்தில் விரல். பக்கத்தில் அவர் பெயர். நிம்மதியாக மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு முடிவதற்குள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரல் இல்லை.

சேகர் தன் போனைத் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தார். கீழே தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது. நானா இன்னும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேஜை நடுவில் இருந்த போனில் ஒரு மைக் திறந்தது. வாய் திறக்க அனுமதி இல்லாதவளின் குரல்.

“நானா… எடுத்துட்டாரு.”

இன்று ஏழாந்தீவில் வாக்கெடுப்பு. ஒரே பெயர், ஆம் அல்லது இல்லை. அதற்குள் இது அச்சாகி வந்துவிட வேண்டும் என்று ஆசிரியரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய இடம் இது. ஆகவே, அந்தக் குரலுக்கு எங்கள் ஒரே வேட்பாளர் என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். சட்டையை நீவி விட்டுக்கொண்டார். எங்களைப் பார்த்து, “அடுத்த கேள்வி?” என்றார்.